எத்தனை கிலோ?

பையனைக் கஞ்சா வழக்கில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு குடும்பம் வக்கீல் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவர் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்பதுதான். பை யாருடையது, எங்கே ரயில் ஏறினான், புகைக்கிறவனா விற்கிறவனா என்பதெல்லாம் அப்புறம். ஒரு கிலோவுக்குள் என்றால் வந்தவர்களை உட்காரச் சொல்வார். ஜாமீன் வாங்கிவிடலாம் என்பார். ஒன்றுக்கும் இருபதுக்கும் நடுவில் என்றால், "இன்டர்மீடியட்தானே, பார்த்துக்கலாம்." இருபதைத் தாண்டிவிட்டது என்றால், "அடடா, கமர்ஷியலா?" அதற்கு மேல் அவர் பேசுவதில் தெம்பு இருக்காது. 21 கிலோவுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம். 19 கிலோவுக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்று கிடையாது. நீதிபதி நினைத்தால் இரண்டு ஆண்டோடு விடலாம்.

1990-இல் இதே குடும்பம் வந்து நின்றிருந்தால் கிலோக் கணக்குக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது. சொந்த உபயோகத்துக்கான சிறு பொட்டலத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு மூட்டையானாலும் ஒரு லாரியானாலும் கஞ்சாவுக்கு அதிகபட்சம் 5 ஆண்டு, 50,000 ரூபாய் அபராதம். அதே ஆள் கையில் சரஸ் இருந்திருந்தால் கதையே வேறு. அதுவும் அதே செடியின் பிசின்தான். ஆனால் அதற்கு எடை எதுவானாலும் குறைந்தது 10 ஆண்டு.

போதைப்பொருள் தண்டனைச் சட்டம் இந்த நாட்டில் மாறி வந்த கதை கொஞ்சம் கோணலானது. சீர்திருத்தம் என்று பெயர் வைத்துச் செய்த திருத்தம் ஒரு பக்கம் தளர்த்தியது, இன்னொரு பக்கம் இறுக்கியது. இறுக்கிய பக்கத்தில்தான் தமிழ்நாட்டின் பெரும்பாலான வழக்குகள் இருக்கின்றன.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் அபினும் கஞ்சாவும் உரிமம் பெற்ற கடைகளில் விற்ற சரக்கு; அரசாங்கத்துக்கு அதில் வரி வருமானம். 1893-94-இல் இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் நாடு முழுக்கச் சாட்சிகளை விசாரித்து, மிதமாகப் புகைப்பதால் பெரிய கேடில்லை, முழுத்தடை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கோயில் வாசல் சாமியார்கள் சிவமூலி என்று மரியாதையாகச் சொல்லி இழுத்த புகையை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1930-இல் வந்த அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தில்கூட அதிகபட்சம் 3 ஆண்டு; மறுபடி பிடிபட்டால் 4. குறைந்தபட்சத் தண்டனை இல்லை.

அந்தக் காலம் 1985-இல் முடிந்தது. 1961-ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டிருந்தது. மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாப் பழக்கத்தை 25 ஆண்டுகளுக்குள் ஒழிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும், மறு பக்கம் பர்மா. நடுவில் இந்தியா கடத்தல் வழியாகிக்கொண்டிருந்தது. பம்பாயிலும் டெல்லியிலும் பிரவுன் சுகர் தெருவுக்கு வந்துவிட்டது. பயம் நியாயமானதுதான். ஆனால் அவசரத்தைப் பாருங்கள்: ஆகஸ்ட் 23-இல் மசோதா மக்களவைக்கு வந்தது, செப்டம்பர் 16-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்து, நவம்பர் 14-இல் அமல். ஒருவரை 20 ஆண்டு உள்ளே வைக்கக்கூடிய சட்டம் நாடாளுமன்றத்தில் நான்கு வாரம்கூட இருக்கவில்லை.

அந்தப் போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) முதுகெலும்பு ஒரே வரி: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20; குறைந்தது ஒரு லட்சம் அபராதம், அதிகபட்சம் இரண்டு லட்சம். கட்ட முடியாவிட்டால் அதற்கும் சிறை. ஹெராயின், அபின், கொக்கைன், சரஸ் எல்லாவற்றுக்கும் இது. ஒரே ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது, 27-ஆவது பிரிவு. கையில் இருந்தது 'சிறு அளவு', அதுவும் சொந்த உபயோகத்துக்குத்தான் என்று குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபித்தால் ஆறு மாதம் அல்லது ஓராண்டோடு போகும். அந்தச் சிறு அளவு எவ்வளவு? ஹெராயினுக்கு கால் கிராம். சரஸுக்கு 5 கிராம். ஐந்துக்கு ஆறு மாதம், ஆறுக்குப் பத்து ஆண்டு!

கோவாவில் பிடிபட்ட ஒரு வெளிநாட்டுக்காரரின் வழக்கு இதற்கு நல்ல சாட்சி. அவரிடம் இருந்தது இரண்டு துண்டு சரஸ், மொத்தம் 12 கிராம். விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு கொடுத்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 1993-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் ஒன்று கவனத்துக்கு வந்தது: போலீஸ் பரிசோதனைக்கு அனுப்பியது இரண்டில் ஒரு துண்டை மட்டும், அது 5 கிராமுக்குள். சோதிக்காத துண்டு சரஸ்தான் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டு, நீதிபதிகள் தண்டனையை ஆறு மாதமாக்கினார்கள். அந்த ஆளின் பத்து ஆண்டு போனதற்குக் காரணம் அவருடைய குற்றத்தின் அளவைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இல்லை. போலீஸ் ஒரு துண்டை உறையில் போட மறந்தது.

அந்தக் காலத் தீர்ப்புகளைப் படித்தால் இந்த மாதிரி நிறையக் கிடைக்கும். சட்டம் கையைக் கட்டிப்போட்டதால் நீதிபதிகள் நடைமுறையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஒரு சிட்டிகைக்குப் பத்து ஆண்டு கொடுக்க மனம் வராது. குறைத்துக் கொடுக்கவும் வழியில்லை. அப்படியானால் மொத்தமாக விடுவிக்கத்தான் காரணம் தேட வேண்டும். "உங்களைச் சோதிக்கும்போது ஒரு கெஜட்டட் அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ கூட இருக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று பிடிபட்டவரிடம் சொன்னீர்களா என்ற 50-ஆவது பிரிவுக் கேள்வியில் எத்தனையோ வழக்குகள் கவிழ்ந்தன. 1999-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு பல்தேவ் சிங் வழக்கில் அந்த உரிமையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. பெரிய கடத்தல்காரனும் அதே வாசலில் வெளியே போனான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1985-இன் கடுமை போதவில்லை என்று 1989-இல் இன்னொரு திருகு. இரண்டாவது முறை பெரிய அளவில் பிடிபட்டால் கட்டாயத் தூக்கு, 31ஏ. தண்டனையை நிறுத்தி வைக்கவோ குறைக்கவோ கூடாது, 32ஏ. அண்ணா பிறந்தநாள், காந்தி ஜெயந்தி என்று எதற்காகச் சிறைக்கதவு திறந்தாலும் இவர்களுக்குத் திறக்காது. ஜாமீனுக்கு 37: இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக, விசாரணை தொடங்கும் முன்பே, நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். வெளியே போனால் குற்றம் செய்யமாட்டார் என்றும் நம்ப வேண்டும். சாதாரண வழக்கில் கடைசி நாளில் தீர்ப்பில் சொல்ல வேண்டியதை முதல் வாரத்திலேயே சொல்லச் சொல்கிறது சட்டம்.

இந்தக் கடுமைக்குப் பலியானவர்களில் ஒரு கூட்டம் சிறைப்பக்கமே போகாதவர்கள். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டாலே மருந்துக்கடைக்காரர்களும் மருத்துவமனைகளும் நடுங்கின. கணக்கில் ஒரு மாத்திரை இடித்தால் பத்து ஆண்டு என்றால் எவர் இருப்பு வைப்பார்? மாநிலத்துக்கு மாநிலம் நான்கைந்து உரிமம், ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி. நாட்டின் மருத்துவ மார்ஃபின் உபயோகம் 1985-இல் சில நூறு கிலோவாக இருந்தது, 1997-இல் 18 கிலோவுக்கு இறங்கியது. உலகத்துக்கே அபின் காய்ச்சிக் கொடுத்த நாடு இது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்க ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. புற்றுநோய் வார்டில் நோயாளி வலியில் கத்திக்கொண்டிருந்தார். கோழிக்கோட்டில் 1993-இல் வலி நிவாரண சிகிச்சையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் இதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 2014 திருத்தத்தில்தான் 'இன்றியமையா போதை மருந்து' என்று ஒரு வகை பிரிந்து, நாடு முழுக்க ஒரே உரிமம் என்றானது.

எடை பார்க்கும் காலம் 2001 அக்டோபர் 2-இல் அமலுக்கு வந்த திருத்தத்தோடு பிறந்தது. சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஹெராயின் 5 கிராம், 250 கிராம். சரஸ் 100 கிராம், ஒரு கிலோ. அபின் 25 கிராம், இரண்டரை கிலோ. கஞ்சா ஒரு கிலோ, 20 கிலோ. சிறு அளவுக்கு ஆறு மாதம் அல்லது 10,000 ரூபாய். நடு அளவுக்கு 10 ஆண்டு வரை. வணிக அளவுக்கு 10 முதல் 20. சொந்த உபயோகம் என்று நிரூபிக்கும் சுமையும் போனது. 37-ஆவது பிரிவின் ஜாமீன் பூட்டும் ஒருசில குற்றங்களுக்கும் வணிக அளவுக்கும் மட்டும் என்றானது. பழைய சட்டத்தில் பத்து ஆண்டு போயிருக்க வேண்டிய எத்தனையோ ஹெராயின் அடிமைகளுக்கு இது மூச்சு விடுகிற இடம். மறுக்க முடியாது.

கஞ்சாவின் பக்கம் வந்து பாருங்கள். முன்பு எவ்வளவு வைத்திருந்தாலும் 5 ஆண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. இப்போது ஒரு கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டு வரை. இருபதைத் தாண்டினால் பத்துக்குக் கீழே இறங்கவே முடியாது. மலையில் செடி வளர்த்தவருக்கும் ஐந்து போய்ப் பத்தானது. தண்டனையை அளவோடு பொருத்துகிறோம் என்று சொல்லிச் செய்த திருத்தம், இந்த ஒரு பொருளுக்குத் தண்டனையை இரண்டு, மூன்று, நான்கு மடங்காக்கிவிட்டது. ஹெராயின் குறைவாகவும் கஞ்சா அதிகமாகவும் பிடிபடும் நம் மாநிலத்தில் 2001-ஐ யாரும் தளர்த்தல் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டத்தின் கண்ணில் பூவும் காயும் சேர்ந்த நுனிதான் கஞ்சா. தனியாகக் கிள்ளிய இலை கஞ்சா இல்லை. காசியில் அந்த இலையை அரைத்து பாங்கு என்று உரிமம் பெற்ற கடையில் விற்கிறார்கள். 2019-இல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பு பாங்கு, கஞ்சா, சரஸ் எல்லாம் சேர்த்து 3.1 கோடிப் பேர் என்றது; அதில் பெரும்பங்கு பாங்குக்காரர்கள்.

எல்லாம் எடை என்றான பிறகு தராசு வைத்திருப்பவர்தான் முக்கியமானவர். பிடித்த இடத்தில் மகஜர் எழுதுவார்கள். பழுப்பு டேப் சுற்றிய பொட்டலங்களை எலெக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எண் போடுவார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 24 கிராம் வீதம் இரண்டு சாம்பிள் எடுப்பது பழைய நிலையாணை. இப்போது மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும். டேப்போடு எடை போட்டதா, பிரித்தா? தண்டு, விதை, ஈரம் எல்லாம் சேர்த்து 21 கிலோ என்றால் பூ நுனி மட்டும் எவ்வளவு? ஜாமீன் மனுக்களில் வக்கீல்கள் இதைத்தான் வாதாடுகிறார்கள். சில நீதிமன்றங்கள் கேட்கின்றன, சில கேட்பதில்லை. காய்ந்தால் இரண்டு கிலோ குறையும் சரக்கு அது. அறுவடை வாரத்தில் பிடிபட்டவனுக்கும் ஆறு மாதம் கழித்துப் பிடிபட்டவனுக்கும் ஒரே பைக்கு வேறு வேறு தண்டனை வரலாம்.

எலிகளும் இந்தக் கணக்கில் உண்டு. 2020-இல் சென்னை மெரினாவில் 22 கிலோ கஞ்சாவோடு பிடிபட்டதாக இருவர் மீது வழக்கு. 2023 ஜூலையில் சிறப்பு நீதிமன்றத்தில் சரக்கைக் காட்டச் சொன்னபோது போலீஸ் 50 கிராமைத்தான் காட்டியது. மீதியை எலி தின்றுவிட்டது என்றது. இருவரும் விடுதலை. ஊரே சிரித்தது. அவர்கள் நிஜமாகவே 22 கிலோ கொண்டுவந்தார்களா, கொண்டுவரவே இல்லையா என்பது இனி எவருக்கும் தெரியப் போவதில்லை.

பொடிகளில் தகராறு வேறு மாதிரி. 300 கிராம் பொட்டலத்தில் ஹெராயின் 5 சதவீதம், மீதி கலப்படம் என்று வைத்துக்கொள்வோம். தூய ஹெராயின் 15 கிராம்தான். அந்த 15-ஐத்தான் எண்ண வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் மைக்கேல் ராஜ் வழக்கில் சொன்னது. அடுத்த ஆண்டே அரசு, முழுக் கலவையும்தான் கணக்கு என்று அறிவிக்கை போட்டது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அரசின் பக்கம் நின்றது. ஆகவே இன்று அந்த 300 கிராம் வணிக அளவு, பத்து ஆண்டு. தூய ஹெராயின் 200 கிராமோடு பிடிபட்டவன் நடு அளவில் இருக்கிறான். விற்பனைச் சங்கிலியில் மேலே போகப் போகச் சரக்கு தூய்மையாகும், கீழே வர வர மாவு சேரும். தெருமுனையில் நிற்பவன் கையில் இருப்பது பெரும்பாலும் மாவு.

என் குறை தராசின் துல்லியத்தைப் பற்றியது மட்டும் அல்ல. எவ்வளவு என்று கேட்கத் தெரிந்துகொண்ட சட்டம், யார் என்று கேட்பதில்லை. விசாகப்பட்டினத்து மலைக்கிராமங்களில் இருந்து ரயிலில் பை வருகிறது. சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்து வருகிறவனுக்குச் சில ஆயிரம் ரூபாய்க் கூலி. சரக்கு யாருடையது என்று பல நேரம் அவனுக்கே தெரியாது. வேதாரண்யம், மண்டபம் கடற்கரையில் இலங்கைக்குப் படகேற்றும்போது பிடிபடுகிறவர்களும் கூலிக்காரர்கள்தான். சரக்கின் சொந்தக்காரனுக்கும் தூக்கியவனுக்கும் ஒரே எடை, ஆகவே ஒரே பத்து ஆண்டு. 2001-இல் சேர்த்த 32பி பிரிவைப் படித்துப் பாருங்கள்: வன்முறை, ஆயுதம், சிறுவர்களை ஈடுபடுத்தியது என்று நீதிபதி கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறது. எல்லாம் பத்துக்கு மேலே ஏற்றுவதற்கான காரணங்கள். வறுமை, வயது, முதல் தவறு, காட்டிக்கொடுத்து உதவியது என்று பத்துக்குக் கீழே இறக்குவதற்கான பிரிவு அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை.

தீர்ப்பு வரைக்கும் போகாமலே தண்டனை அனுபவிப்பவர்கள் இன்னொரு கூட்டம். மற்ற பெரிய வழக்குகளில் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. வணிக அளவில் அது 180 நாள், நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டலாம். அதன் பின் 37. அதன் பின் வாய்தா மேல் வாய்தா. 2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில் நீதிபதி ரவீந்திர பட் அமர்வு, ஏழு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவருக்கு ஜாமீன் கொடுத்தது; விசாரணை இழுத்துக்கொண்டே போனால் 37-ஐக் காட்டி ஒருவரை அடைத்தே வைத்திருக்க முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் எத்தனை ஆண்டு இழுத்தால் போதும் என்று அதில் எண் இல்லை; ஒரு நீதிபதிக்கு மூன்று, இன்னொருவருக்கு ஐந்து. 2020-இல் நம் மாநிலத்திலிருந்து போன தூபான் சிங் வழக்கில் வந்த தீர்ப்பும் பெரிய மாற்றம்தான்: போதைப்பொருள் தடுப்பு அதிகாரி அறையில் உட்காரவைத்து எழுதி வாங்கும் வாக்குமூலத்தை வைத்து இனித் தண்டிக்க முடியாது. அதுவரை அந்தத் தாளை மட்டுமே வைத்துப் பத்து ஆண்டு போனவர்கள் இருந்தார்கள்.

கட்டாயத் தூக்கு 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் உடைந்தது. 2014-இல் நாடாளுமன்றமும் 'கட்டாயம்' என்பதை எடுத்தது. அதே 2014-இல், அதே திருத்தத்தில், சிறு அளவுக்கான ஆறு மாதம் ஓராண்டாக உயர்ந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. சிகிச்சைக்குப் போகத் தயாராக இருப்பவரை வழக்கிலிருந்து விடுவிக்க 64ஏ என்று ஒரு பிரிவு பல ஆண்டாக இருக்கிறது. கஞ்சா வழக்கு நடக்கும் நீதிமன்றங்களில் அதன் பெயர் அடிபடுவதே அபூர்வம்.

மக்கள் மனமும் தளர்த்தலின் பக்கம் இல்லை. 2018-இல் பஞ்சாப் அமைச்சரவை முதல் முறை குற்றத்துக்கே தூக்கு வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. இங்கே 2021 டிசம்பரில் தொடங்கிய 'கஞ்சா வேட்டை' அடுத்தடுத்த பாகங்களாக நீண்டது. வியாபாரிகளோடு உறவினர்களின் வங்கிக் கணக்குகளும் முடங்கின. தேவைப்பட்டால் 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டமும் இருக்கவே இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்கிறார்கள் என்று கேட்கும் தாய்க்கு 32பி பிரிவின் குறை பெரிதாகப் படாது. அவர் மேல் தவறும் இல்லை.

2021 அக்டோபரில் மத்திய சமூக நீதி அமைச்சகம், சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பும்படி சட்டத்தைத் திருத்தலாம் என்று வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் என்.டி.பி.எஸ். சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறவும் செய்தது. விஷயம் இது: 2014-இல் புதிதாக ஒரு விளக்கத்தை நுழைத்தபோது பழைய உட்பிரிவு எட்டு-ஏ, எட்டு-பி ஆகிவிட்டது, கடத்தலுக்குப் பணம் கொடுப்பவரைத் தண்டிக்கும் 27ஏ பிரிவோ தொடர்ந்து எட்டு-ஏ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எடை எவ்வளவானாலும் பத்து ஆண்டுக்குக் குறையாத தண்டனை தரும் பிரிவு, ஏழு ஆண்டாக வேறெங்கோ விரலைக் காட்டிக்கொண்டிருந்ததைத் திரிபுராவில் ஒரு வழக்கில் கண்டுபிடித்தார்கள். உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்ட, அவசரச் சட்டம் வந்தது, பிறகு இரு அவைகளும் ஒப்புதல் கொடுத்தன, 2014-இலிருந்தே செல்லும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அந்த ஆண்டு நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தில் செய்த திருத்தம் அந்த ஓர் எழுத்துதான்: ஏ இருந்த இடத்தில் பி.